புல்மோட்டை மணலும் புதுமைப் பற்றரியும்

புல்மோட்டைக் கடற்கரையிலே ஒரு பிடி மணலை அள்ளிப் பார்ப்பவர் முதலில் அதன் கனத்தைக் கண்டு வியப்பர். கைக்குள் அடங்கும் மணல் இவ்வளவு கனக்குமா என்று ஐயுறத் தோன்றும். நிறமும் ஏனைய கரைகளின் மணலைப் போன்று வெண்மையன்று, கருமை. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய் ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 33 மைல் சென்றால் இக்கரையை அடையலாம். அங்கிருந்து கொக்கிளாய்ப் பக்கமாகவும் இத்தகைய மணல் பரந்து கிடக்கின்றது.

இதனைக் கொண்டுவந்து சேர்த்தது கடலே. உள்நாட்டுப் பாறைகள் ஊழிக்கணக்காய்த் தேய்ந்து, ஆறுகளால் அடித்து வரப்பட்டுக் கடலிற் கலந்தன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் அம்மணலை வாரிக் கரையில் எறிந்து, இலேசானவற்றைத் திரும்ப இழுத்துச் செல்கின்றன; கனத்தவை கரையிலே தங்கிவிடுகின்றன. இல்லத்தரசி சுளகிலே அரிசியைக் கொழிப்பது போலக் கடல் ஆண்டுதோறும் கொழித்து வைக்கும் மணல் இது எனலாம்.

இம்மணலில் நூற்றுக்கு 70 பங்களவு இல்மனைற்று. சேர்க்கோன் 8 முதல் 10 பங்கு. உரூற்றைல் ஏறத்தாழ 8 பங்கு. மொனசைற்று என்னும் கனியமோ 0.3 பங்களவே. இவற்றைப் பிரித்தெடுப்பதற்கென 1957 ஆம் ஆண்டிலே கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1992 இல் அது அரசாங்கக் கம்பனியாக மாற்றப்பட்டது. யுத்தகாலத்திலே இக்கரை பட்ட துன்பமும் சிறிதன்று. 1997 செத்தெம்பரில், புல்மோட்டைக் கடலில் இல்மனைற்று ஏற்ற வந்து நின்ற 'கோடியாலிற்றி' என்னும் கப்பல் தாக்குண்டது. உயிர்கள் பல மாண்டன.

மணலைப் பிரிக்கும் முறையை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இல்மனைற்றைக் காந்தம் கவர்ந்து கொள்ளும். எஞ்சிய உரூற்றைலும் சேர்க்கோனும் காந்தத்திற்குப் பெரிதும் வசப்படா. ஆகவே அவற்றை உயர்ந்த மின்னழுத்தம் ஊட்டப்பட்ட சுழலும் உருளையின்மேல் விழச் செய்வர். உரூற்றைல் மின்னைக் கடத்துவதாதலின் தன் ஏற்றத்தை உடனே இழந்து உருளையினின்று தெறித்து விழும். சேர்க்கோன் மின்னைக் கடத்தாது. பெற்ற ஏற்றத்தோடு உருளையைப் பற்றிக்கொண்டு சென்று வேறிடத்தில் விழும். மின்னைக் கடத்தாமையே சேர்க்கோனுக்கு அடையாளம்; அக்குணத்தைக் கொண்டே அது தனியாக்கப்படுகின்றது.

அவ்வாறு தனியாக்கப்பட்ட மணலில் உள்ள உலோகத்தின் பெயர் சேர்க்கோனியம். இலத்திரனை ஓடவிடாது தடுத்து, அயனை மட்டும் தன்னூடே செல்லவிடும் விந்தைக் கல் ஒன்று 2007 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. அக்கல்லின் உறுப்புகளுள் இவ்வுலோகமும் ஒன்று. தீக்கு அஞ்சாத பற்றரி ஒன்றைச் செய்ய முயலும் அறிஞர் பலருடைய நம்பிக்கை இன்று அக்கல்லின்மேல் தங்கியிருக்கின்றது. அதனை உலகிற்கு அறிவித்த கட்டுரையின் தலைப்பிலே இரு தமிழ்ப் பெயர்கள் காணப்படுகின்றன.

எரியும் திரவம்

கைத்தொலைபேசி முதல் மின்சார முச்சக்கரவண்டி வரையில் இன்று பெரிதும் பயன்படுவது இலிதியம் அயன் பற்றரி. 1991 இல் யப்பானின் சோனிக் கம்பனி இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் அமைப்பு எளிது. ஒருபுறம் இலிதியம் கலந்த உலோக ஒட்சைட்டு. மறுபுறம் பென்சிற் காரீயம். போகலைச் சுரங்கத்தில் நம் நாட்டார் அகழ்ந்தெடுப்பதும் இக்காரீயமே. இவ்விரு மின்வாய்களுக்கும் நடுவே, தலைமயிரின் தடிப்பிலும் குறைந்த, நுண்டுளைகள் நிறைந்த பிளாத்திக்குத் தாள். அத்தாளை நனைத்து நிற்பதே மின்பகுபொருள்.

பற்றரி வேலை செய்யும்போது இலிதியம் அயன்கள் ஒரு மின்வாயிலிருந்து மற்றதற்கு உள்வழியாகச் செல்லும். இலத்திரன்கள் அவ்வழியே செல்லலாகாது. அவை வெளியே கம்பி வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். அங்ஙனம் சுற்றிப் போகும்போதே விளக்கு எரிகின்றது, மணி ஒலிக்கின்றது. ஆகவே மின்பகுபொருளின் கடமை இரண்டு: அயனுக்கு வழிவிடல், இலத்திரனுக்கு வழிமறித்தல். வாயிற்காவலனுடைய தொழில் என்று கொள்ளுங்கள்.

இக்கடமையை இன்று செய்வது ஒரு திரவம். காபனேற்றுகள் எனப்படும் சேதனக் கரைப்பான்களில் இலிதியத்தின் உப்பொன்றைக் கரைத்து ஆக்கியது. அயன்களை அது நன்றாகவே கடத்துகின்றது. ஆனால் எரியக்கூடியது. நடுவிலுள்ள தாள் கிழிந்தாலும், அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினாலும், உற்பத்தியில் உலோகத் துணுக்கொன்று உள்ளே சிக்கிவிட்டாலும், மின்வாய்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுச் சூடேறும். அச்சூட்டினால் உள்ளே புதிய தாக்கங்கள் தொடங்கும். அவை மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். சிறிது நேரத்துள் நிறுத்தவொண்ணாத நிலை உண்டாகின்றது.

எண்ணெய்த் தீயின் இயல்பைத் திருகோணமலையாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது சீனன்குடாவிலே எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையை முதியோர் வாயாற் கேட்டவர்கள் இன்னும் இருக்கின்றனர். ஆயினும் பற்றரித் தீ எண்ணெய்த் தீயினின்று வேறானது. எண்ணெய் எரிவதற்கு வெளிக்காற்று வேண்டும், மூடினால் அவியும். பற்றரியினுள் இருக்கும் ஒட்சைட்டுக்களிற் பல, மிகச் சூடேறியதும் ஒட்சிசனைத் தாமே வெளிவிடத் தொடங்கும். விறகும் காற்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அதனை எங்ஙனம் மூடி அவிப்பது? அவிந்துவிட்டதென எண்ணிய பற்றரி மணிக்கணக்கின் பின் மீண்டும் மூளுவதுண்டு.

2013 சனவரியில் போயிங் 787 விமானங்களிரண்டில், ஒன்று பொசுத்தனிலும் மற்றது யப்பானிலுமாக, பற்றரிகள் கெட்டுப் புகைந்தன. உலகெங்கும் அவ்வகை விமானங்கள் யாவும் நிறுத்திவைக்கப்பட்டன. 2016 ஏப்பிரல் முதலாக இலிதியம் அயன் பற்றரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றலாகாதென்று சர்வதேச விமான விதி தடைசெய்கின்றது. கப்பலிலும் அவை ஆபத்தான சரக்கு வகையிலேயே பதியப்படுகின்றன.

வீட்டில் உள்ளோர் இதனாற் பீதியுற வேண்டியதில்லை. கோடிக்கணக்கான பற்றரிகள் தீங்கின்றித் தொழில் புரிகின்றன. எனினும் சில வழக்கங்களை விடுதல் நன்று. மின்னேறும் தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்து உறங்கலாகாது. வயிறு வீங்கிய பற்றரியைக் குத்தியும் நசுக்கியும் பார்க்கும் சிறுவர் குறும்பைத் தடுத்தல் வேண்டும். அவ்வீக்கம் உள்ளே வாயு திரண்டுள்ளதற்கு அறிகுறி. முச்சக்கரவண்டியை வீட்டு வாயிலிலே, வெளியேறும் வழியை மறித்து நிறுத்தி, இராமுழுதும் மின்னேற்றுவதும் தகாது.

கல்லினூடே ஓட்டம்

எரியும் திரவத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் எரியாத திண்மம் ஒன்றை வைத்தாலென்ன? கேள்வி எளிது. ஆனால் திண்மத்தினுள் அணுக்கள் தத்தம் இடத்திலே கட்டுண்டு கிடப்பவை அல்லவா? அயன் எங்ஙனம் நகரும்?

நகரும் என்பதை 1830 களிலேயே மைக்கேல் பரடே கண்டார். வெள்ளிச் சல்பைட்டையும் ஈயப் புளோரைட்டையும் சூடாக்கியபோது அவை மின்னைக் கடத்தலாயின. அதன் உட்பொருள் அன்று விளங்கவில்லை. நூற்றாண்டின் இறுதியில் செருமானிய அறிஞர் நேணிசிற்று ஒரு விளக்கைச் செய்தார். அதில் ஒளிவிட்டது உலோக இழையன்று. சேர்க்கோனியம் ஒட்சைட்டாலான சிறு கோல். சூடேறியதும் அக்கோலினூடே ஒட்சிசன் அயன்கள் ஓடின. எடிசன் மரபில் வந்த இழை விளக்கின் முன் அது நிலைக்கவில்லை. ஆயினும் நமது கதையின் நாயகனாகிய சேர்க்கோனியம் அரங்கேறியது அப்போதே.

சேர்க்கோனியத்திற்கும் நமது தீவிற்கும் இன்னும் பழைய உறவொன்று உண்டு. 1789 இலே பெர்லினில் மாட்டின் கிளாப்புரோத்து என்னும் இரசாயனவியலார் ஒரு மணிக்கல்லைப் பகுத்தாராய்ந்து, அதற்குமுன் அறியப்படாத மூலகம் ஒன்று அதில் இருப்பதைக் கண்டார். அவர் கையிலிருந்த அக்கல் இலங்கையிலிருந்து சென்ற சேர்க்கோன். 'மாத்தறை வைரம்' என்ற பெயரோடு வைரத்திற்குப் பதிலாக விற்கப்பட்ட நிறமற்ற கல்லும் இச்சேர்க்கோனே. மூலகங்களின் வரலாற்றில் இலங்கைக்கு இடமளித்த கல் இதுவென்று மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

திண்மத்தில் அயன் நகரும் விதத்தைக் கோயிற் பந்தியை வைத்து விளக்கலாம். அன்னதானத்திலே வரிசையாக நூறு இலைகள் போட்டிருக்கின்றன. நூறு பேரும் அமர்ந்துவிட்டனர். இனி யாராலும் இடம் மாற இயலாது. ஆனால் நடுவே இரண்டு இலைகள் வெறுமையாக இருப்பின், பக்கத்திலிருப்பவர் அதற்கு நகர, அவருடைய இடத்திற்கு அடுத்தவர் நகர, இவ்வாறாக வரிசை முழுவதும் அசைந்துகொடுக்கும். பளிங்கினுள்ளும் வெற்றிடங்கள் வேண்டும். வெற்றிடத்திற்குச் செல்லும் வாயில் அயன் நுழையுமளவு அகலமாயிருத்தலும் வேண்டும். பளிங்கின் சட்டகமோ அசையாது நிற்க வேண்டும். இத்தனையும் ஒருங்கே பொருந்திய கல்லைத் தேடுவதே திண்ம மின்பகுபொருள் ஆராய்ச்சி.

இத்தேட்டம் நெடிது. பல கற்கள் வந்தன. சில அயனை நன்றாகக் கடத்தின. ஆனால் இலிதிய உலோகம் பட்டதும் கெட்டன. சில கெடாது நின்றன. ஆனால் அயன் அவற்றில் ஆமைவேகத்தில் ஊர்ந்தது.

கீல் நகரத்துப் புடக்குகை

செருமனியின் வடகரையிலே, திருகோணமலையைப் போலவே துறைமுகத்தாற் பெயர்பெற்ற நகரம் கீல். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வேணர் வெப்பினர் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்திற்கு, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற வெங்கடராமன் தங்கதுரை சென்று சேர்ந்தார். 2003 இல் அவர்கள் புதியதொரு வகைக் கல்லை அறிவித்தனர். அது மணிக்கற்களுள் 'காணற்று' எனப்படும் குடும்பத்தின் கட்டமைப்பை உடையது. நவரத்தினங்களுள் ஒன்றாகிய நமது கோமேதகம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே இதனை இலிதியக் கோமேதகம் என்று அழைப்போமாயின் பிழையில்லை. முதலில் வந்த அக்கல்லில் இலிதியம், இலந்தனம் ஆகியவற்றோடு நையோபியமோ தந்தாலமோ இருந்தது. அது கெடாது நின்றது. ஆனால் கடத்துதிறன் போதவில்லை.

பின்னர் இராமசாமி முருகன் அங்கே ஆய்வு புரிந்தார். நையோபியத்தையும் தந்தாலத்தையும் நீக்கி, அவ்விடத்தில் சேர்க்கோனியத்தை இட்டனர். சேர்க்கோனியத்தின் வலுவளவு ஒன்று குறைவு. அக்குறையை ஈடுசெய்ய மேலும் இலிதியம் உள்ளே வந்தது. இலிதியம் 7, இலந்தனம் 3, சேர்க்கோனியம் 2, ஒட்சிசன் 12 என்ற கணக்கில் அணுக்கள் அமைந்த கல் பிறந்தது. முருகன், தங்கதுரை, வெப்பினர் என்ற வரிசையிற் பெயர்கள் தாங்கிய கட்டுரை 2007 இல் வெளியாயிற்று. அறை வெப்பநிலையில் அக்கல்லின் கடத்துதிறன் முந்தியதைப் போல நூறு மடங்களவு உயர்ந்திருந்தது. முருகன் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையிலும், தங்கதுரை கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராயினர்.

கதையின் சுவை இனிமேற்றான் இருக்கின்றது. வேறு நாட்டார் அதே கல்லைச் செய்ய முயன்றனர். யப்பானில் 2009 இல் செய்த கல்லில் அணுக்களின் கணக்கு ஒன்றாகவே இருந்தது. ஆனால் பளிங்கின் வடிவம் சற்றே நீண்டு வேறுபட்டது. கடத்துதிறனும் நூறிலொரு பங்களவுக்குத் தாழ்ந்தது. ஒரே கணக்கு, ஒரே மூலகங்கள், இருவேறு குணம். காரணம் யாது?

காரணம் கல்லில் இல்லை. கல்லைச் சுட்ட பாத்திரத்தில் இருந்தது. கீல் நகரத்தார் தம் பொடியை அலுமினியம் ஒட்சைட்டாலான புடக்குகையில் இட்டு, 1230 பாகை வெப்பத்திற் சுட்டனர். நமது பொற்கொல்லர் இதனை மூசை என்பர். அவ்வெப்பத்தில் புடக்குகையிலிருந்த அலுமினியம் சிறிதளவு கசிந்து கல்லினுட் புகுந்துவிட்டது. 2011 இல் கைகர் என்பவரும் துணைவரும் இதனை ஆராய்ந்து தெளிவாக்கினர். பந்தியின் உவமைக்கு மீண்டும் வருவோம். அலுமினிய அயன் ஒன்றின் ஏற்றம் மூன்று இலிதியம் அயன்களின் ஏற்றத்திற்குச் சமம். ஆகவே ஓர் அலுமினியம் வந்து ஓரிலையில் அமர்ந்தால் மூன்று இலிதியம் எழுந்து செல்ல வேண்டும். இரண்டு இலைகள் வெறுமையாகும். அவ்வெற்றிடங்களே ஏனையோரை நகரச் செய்தன. ஒழுங்காக நிரம்பியிருந்த கல் ஊமையாகக் கிடந்தது; ஒழுங்கு சற்றுக் குலைந்த கல்லே உயிர்பெற்றது. இன்று அறிஞர் அலுமினியத்தையும் தந்தாலத்தையும் அளந்து, வேண்டுமென்றே சேர்க்கின்றனர்.

இக்கல் வெற்றி பெறுமாயின் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, எரியும் திரவம் ஒழியும். இரண்டாவது, காரீய மின்வாய்க்குப் பதிலாக இலிதிய உலோகத்தையே வைக்கலாம். ஒரு கிராம் காரீயம் ஏற்கும் மின்னளவைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கை ஒரு கிராம் இலிதியம் தாங்கும். அதே நிறையில் நெடுந்தூரம் ஓடும் வண்டி கிடைக்கும்.

இன்னும் தாண்டாத தடைகள்

ஆனால் புதுமைச் செய்திகளை வெளியிடுவோர் பலர் மறைத்துச் செல்லும் பக்கத்தையும் காட்ட வேண்டும். கடத்துதிறனில் இலிதியக் கோமேதகம் திரவத்திற்கு இன்னும் ஈடாகவில்லை. 2007 ஆம் ஆண்டுக் கல் திரவத்தின் முப்பதிலொரு பங்களவே கடத்தியது. பின்னர் வந்தவை பத்திலொரு பங்கை எட்டியுள்ளன. மெல்லிய தகடாகச் செய்தால் இக்குறை பெரிதன்று. பெரிய இடர் வேறு. திரவம் மின்வாயின் ஒவ்வொரு மூலையிலும் தானே ஊறிப் பொருந்தும்; கல் அவ்வாறு பொருந்தாது. ஓட்டைப் பீங்கானையும் உலோகத்தையும் ஒட்டவைப்பது போன்ற வேலை அது. மின்னேற்றும்போது மின்வாய்கள் விரிந்து சுருங்குவதால் ஒட்டிய இடமும் விலகும். தகடோ மெல்லியதாக மெல்லியதாக எளிதில் உடையும். ஈரக்காற்றுப் பட்டால் கல்லின் மேல் இலிதியக் காபனேற்றுப் படலம் படிந்து அயனின் வாயிலை அடைக்கும். ஆண்டு முழுவதும் உப்புக்காற்று வீசும் நம்மூரில் இதனைச் செய்வதாயின் உலர்காற்று அறையின்றி முடியாது.

இவற்றையெல்லாம்விட வியப்பானது வேறொன்று. மின்னேற்றும்போது இலிதியம் முட்செடி போலக் கிளைவிட்டு வளர்ந்து திரவத்தினுள் மறுகரையைத் தொட்டுவிடும். கல்லினூடே முள் வளராது என்று நம்பினர். வளர்ந்தது. கல்லின் நுண்மணிகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துகள் வழியே, ஆலம் வேர் மதிலைப் பிளப்பது போல, மென்மையான இலிதியம் புகுந்து சென்றது. அதைத் தடுக்கும் வழியைத் தேடியே பல ஆய்வுகூடங்கள் இன்று உழைக்கின்றன.

கந்தகம் கலந்த வேறொரு வகைக் கல் உண்டு. யப்பானில் கன்னோ குழுவினர் 2011 இல் அறிவித்தது அது. கடத்துதிறனில் திரவத்திற்கு இணையானது. ஈரம் பட்டாலோ அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சு வாயுவை வெளிவிடும். மூன்றாவது வகை, கல்லன்றிப் பிளாத்திக்கு போன்ற பல்பகுதியம். இத்துறையில் நமது நாட்டாரின் பங்கு குறிப்பிடத்தக்கது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் திசாநாயக்க, கரீம் ஆகிய பௌதிகப் பேராசிரியர்கள் சுவீடன் நாட்டு அறிஞர் மெல்லாந்தரோடு சேர்ந்து நெடுங்காலம் உழைத்தனர். பல்பகுதியத்தினுள் அலுமினியம் ஒட்சைட்டின் நுண்பொடியைக் கலந்தால் கடத்துதிறன் எவ்வாறு உயர்கின்றது என்பதைப் பேராதனையார் 2003 இல் வெளியிட்டனர். 2006 யூனில், திண்மநிலை அயனியலுக்கான 10 ஆவது ஆசிய மாநாடு கண்டியிலேயே கூடியது. பாக்கு நீரிணைக்கு அப்பால், அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1953 இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் இத்தகைய ஆய்வுகள் நடந்து வருகின்றன.

பல்பகுதியப் பற்றரிகள் ஆய்வுகூடத்தை விட்டு வீதிக்கும் வந்துவிட்டன. 2011 முதல் 2018 வரை பாரிசு நகரில் வாடகைக்கு ஓடிய சிறு மின்கார்களில் இருந்தவை அவையே. ஆனால் 2022 ஏப்பிரலில், அதே இனப் பற்றரி பொருத்திய பேருந்துகள் இரண்டு பாரிசிலே தீப்பற்றின. 149 பேருந்துகள் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. திண்மம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தீயே இல்லை என்று எண்ணிவிடலாகாது. இலிதிய உலோகம் தானே எரியும் இயல்புடையது. கல் மின்பகுபொருள் ஆபத்தைக் குறைக்கும். அடியோடு நீக்கும் என்று சொல்வார் விளம்பரக்காரர் மட்டுமே.

மணலுக்கு மணல் விலை

இனிப் புல்மோட்டைக்குத் திரும்புவோம். இலிதியக் கோமேதகம் 100 கிராம் எடுத்து நிறுத்துப் பார்த்தால், அதில் இலந்தனம் ஏறத்தாழ 50 கிராம், சேர்க்கோனியம் 22 கிராம், ஒட்சிசன் 23 கிராம். இலிதியம் 6 கிராமும் முழுதாக இல்லை. சேர்க்கோனியம் இருப்பது சேர்க்கோன் மணலில். இலந்தனம் இருக்குமிடங்களுள் ஒன்று மொனசைற்று. கல்லின் நிறையில் 70 பங்குக்கு மேற்பட்டதற்கு உரிய இரண்டு உலோகங்களும் திருகோணமலை மாவட்டத்து மணலிலே கலந்து கிடக்கின்றன என்பது இதன் பொருள்.

அதனால் நாளைக்கே அங்கே பற்றரித் தொழிற்சாலை எழும்பிவிடும் என்று கனவு காண்பது பேதைமை. மொனசைற்று மிகச் சொற்பம். அதில் தோரியமும் கலந்திருப்பதால் கதிரியக்கம் உடையது. பாதுகாப்பின்றிக் கையாளத் தகாது. ஈழத்துத் தமிழ்க் குடியில் வந்த ஆனந்த குமாரசுவாமி, கலை ஆராய்ச்சியாற் புகழ் பெறுமுன், இலங்கைக் கனியவியல் அளவையின் பணிப்பாளராயிருந்து தோரியனைற்று என்னும் கனியத்தைக் கண்டெடுத்தவர் என்பதை இங்கே நினைவுகூரலாம். கனியத்தைக் காண்பது ஒன்று. அதனைப் பகுத்துத் தூய்மையாக்குவது வேறு. சேர்க்கோனைத் தூய சேர்க்கோனியம் ஒட்சைட்டாக மாற்றுவதற்கும் காரமும் அமிலமும் பெருவெப்பமும் வேண்டும். அப்படிமுறைகளைத் தாண்டிய நாடுகள் பொருளின் விலையைப் பெறுகின்றன. நாம் இதுகாறும் பெரும்பாலும் பெற்று வந்தது மணலின் விலையே. கரையை அகழும்போது கரைவலை இழுப்போரின் பாட்டையும் காணிக்காரரின் உரிமையையும் மறத்தலும் ஆகாது; அவர்களுக்குப் பயன் தராத கனியம் அவர்களுக்குச் சுமையாகும்.

என்றாலும் நமது மணலுக்கு ஏற்ற கல் இலிதியக் கோமேதகம் தானோ என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கின்றது. தொலைபேசிக்கும் வண்டிக்கும் பற்றரி இலேசாக இருத்தல் அவசியம். ஆதலின் இலிதியம் வேண்டும். நிலத்திலே நிலையாக இருக்கும் பற்றரிக்கு அக்கட்டாயமில்லை. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே சம்பூரில் திட்டமிடப்பட்ட நிலக்கரி மின்னிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையம் ஒன்றுக்கு 2025 ஏப்பிரல் 5 ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. சூரியன் மறைந்தபின் விளக்கெரிக்க வேண்டுமாயின் பகல் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும். குடிமனைகளுக்கு அண்மையில் வைக்கும் அத்தகைய சேமிப்புக்கு நிறை ஒரு குறையன்று, தீப்பற்றாமையே முதற்குணம்.

அதற்கு உகந்த இன்னொரு கல்லை 1976 இலேயே கொங்கும் குடினவும் அமெரிக்காவில் ஆக்கினர். இலிதியத்திற்குப் பதிலாகச் சோடியம் அயனைக் கடத்துவது அது. இந்தக் குடினவே பின்னர் 2019 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர். அப்பரிசுக்குரிய விரிவுரையை அவர் சார்பில் சுரொக்கோமில் நிகழ்த்தியவர், தமிழ்நாட்டின் அமராபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்து மதுரையிலும் சென்னையிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம் ஆவார். அச்சோடியக் கல்லின் சட்டகத்தை ஒத்த இரும்புச் சல்பேற்றில் இலிதியத்தைப் புகுத்தும் ஆய்வை இருவரும் 1980 களிலே சேர்ந்து செய்தனர்.

உயர்தர வகுப்பு மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்து அந்தச் சோடியக் கல்லின் சூத்திரத்தைக் கூட்டிப் பார்க்கட்டும். சோடியம் 3, சேர்க்கோனியம் 2, சிலிக்கன் 2, பொசுபரசு 1, ஒட்சிசன் 12. சேர்க்கோன் மணலின் மூலக்கூற்றில் சேர்க்கோனியம் 1, சிலிக்கன் 1, ஒட்சிசன் 4. அதனை இரண்டாற் பெருக்கி, சோடியப் பொசுபேற்று ஒரு மூலக்கூறு கூட்டினால் வருவது எது? ஓரணுவும் மிகாமல், ஓரணுவும் குறையாமல் அக்கல்லே வரும். சேர்க்கோன் புல்மோட்டையில் இருக்கின்றது. சோடியம், நிலாவெளியிலும் குச்சவெளியிலும் விளையும் உப்பில் இருக்கின்றது. பொசுபேற்றுப் பாறை, அயல் மாவட்டமாகிய அனுராதபுரத்து எப்பாவலையில் 1971 இலே கண்டுபிடிக்கப்பட்டது. புல்மோட்டை வீதியிலேயே, நிலாவெளியை அடுத்த கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்திருக்கின்றது. பிரயோக விஞ்ஞான பீடமும் அங்குண்டு. தாளிற் கூட்டுவது எளிது. சூளையிற் கூட்டும்போது 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சோடியமும் பொசுபரசும் ஆவியாகித் தப்பியோட முயலும். அவற்றை எவ்வாறு உள்ளே நிறுத்துவது என்பதே முதலில் விடைகாண வேண்டிய வினா.